முக்காடு போட்ட கார்

நாதிம், 1983 அக்டோபர் 9

சனோபர்,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ரயிலில் நல்ல கூட்டம். அம்மா கட்டிக் கொடுத்த ரொட்டியில் பாதியை எதிர் சீட்டுக்காரன் தின்றுவிட்டான். இந்த வடக்கில் அதற்குள் பனி விழுந்து, நாங்கள் பற்றவைக்கும் எரிவாயுக் குழாய்களின் மேல் வெள்ளையாகப் படிந்து கிடக்கிறது. வெல்டிங் கண்ணாடியைக் கழற்றினால் கண் கூசுகிறது.

கார் விஷயத்துக்கு வருகிறேன். கிளம்பும் அவசரத்தில் பாதியைச் சொல்லாமல் வந்துவிட்டேன். இதை ஒருமுறைக்கு இரண்டுமுறை படி. அம்மாவுக்கும் படித்துக் காட்டு.

துணி உறை இருக்கிறதே என்று கண்ட நேரத்தில் தூக்கிப் போர்த்தக் கூடாது. கார் நனைந்திருந்தால் போடவே போடாதே. துடைத்து, காய்ந்த பிறகு போடு. ஈரத்தை வைத்து மூடினால் உள்ளே புழுங்கித் துருப் பிடிக்கும். தூசி இருந்தாலும் மூடாதே. காற்றில் துணி அசைய அசைய, தூசி உப்புத்தாள் மாதிரி பெயிண்டைத் தேய்த்துவிடும். முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவு, பிறகு பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடு. போடும்போதும் எடுக்கும்போதும் தரையிலோ காரின் மேலோ இழுக்காதே. முன்னால் நீ, பின்னால் அம்மா, இரண்டு பேரும் தூக்கிப் பிடித்து எடுங்கள். வெயில் நாளாகப் பார்த்து வாரத்துக்கு ஒருமுறை திறந்து காற்றாட விடு. சந்தையில் விற்கும் பிளாஸ்டிக் தாளை மட்டும் வாங்கி வந்து மேலே போட்டுவிடாதே, அதற்கு மூச்சு விடத் தெரியாது. வசந்தத்தில் மல்பெரி பழுக்கும்போது ஒரு நாள் கூடத் திறந்து வைக்காதே. அந்தப் பழச்சாறு வெள்ளைப் பெயிண்டில் விழுந்தால் போகாது.

உறையின் வயிற்றுக் கயிற்றைக் கிளம்புகிற அன்று விடியலில் நானே உறைக்குள் புகுந்து, காருக்கடியில் படுத்து முடிச்சுப் போட்டேன். அவிழ்த்தால் அதே முடிச்சைப் போடு. இல்லாவிட்டால் காற்றுக்கு உறை பறந்து எதிர் வீட்டுக் கூரைக்குப் போய்விடும்.

யாரையும் உள்ளே உட்கார விடாதே. தொட்டுப் பார்க்கவும் விடாதே. ஊர்க் கண் எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும். சாவி அம்மாவின் பெட்டியில் இருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். லோலாவுக்கு முத்தம்.

எர்காஷ்

மர்கிலான், 1983 நவம்பர் 2

லோலாவின் அப்பாவுக்கு,

கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன், நீங்கள் சொன்னபடியே. படித்து முடித்ததும் அத்தை கேட்டார்: "ஏண்டி, இது உனக்கு வந்த கடுதாசியா, காருக்கு வந்ததா?" நான் என்ன சொல்ல? முதல் பக்கம் கார், அடுத்த பக்கமும் கார். கடைசியில் இடம் மிஞ்சியிருந்ததால் நானும் குழந்தையும் வந்திருக்கிறோம், அதுவும் ஒரே வரியில்.

போன குளிரில் எனக்கு நெஞ்சுச் சளி கட்டி, பட்டு ஆலைக்குப் போக முடியாமல் படுத்துக் கிடந்தேன். அப்போது நீங்கள் எழுதிய கடிதம் பெட்டியில் இருக்கிறது. "கஞ்சி குடி, சரியாகிவிடும்" என்று எழுதியிருந்தீர்கள். போர்த்திக்கொள் என்று கூட எழுதவில்லை. இந்த மகராசிக்கு மட்டும் ஈரம் ஆகாது, தூசி ஆகாது, வெயில் ஆகாது, மூச்சு முட்டக் கூடாது. வாரத்துக்கு ஒரு நாள் காற்றாட வேறு விட வேண்டுமாம். நான் காற்றாடி எத்தனை நாள் ஆயிற்று என்று யார் கேட்டார்கள்? எங்கள் தறியில் வேலை செய்யும் பெண்கள் என்னை இப்போது "சக்களத்தி வந்தவ" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஆனாலும் சொன்னபடி செய்கிறேன். ஒரு தப்பு நடந்தது, அதையும் ஒளிக்கவில்லை. சனிக்கிழமை மழை விட்டதும் அவசரத்தில் நனைந்த காரின் மேலேயே உறையைப் போட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு மஹ்காம் அண்ணன் குளிர் தாக்காமல் ஏணி வைத்து மாதுளைக்குச் சாக்குக் கட்டிக்கொண்டிருந்தவர், சுவருக்கு மேலிருந்து சத்தம் போட்டார்: "தங்கச்சி, நனைஞ்ச மாட்டுக்கு யாராச்சும் ஈரத்தோட போர்வை போத்துவாங்களா? எடு எடு, ரெண்டு நாள்ல துரு புடிச்சிரும்." பஸ் ஓட்டுகிற மனிதர், அவருக்குத் தெரியாதா? இறங்கி வந்து அத்தையோடு சேர்ந்து அவரே தூக்கிக் கொடுத்தார். துடைத்தோம்.

லோலா தினமும் படுக்கப் போகும் முன் முற்றத்துக்கு ஓடி, உறையைத் தட்டி, "தூங்கு அப்பா" என்று சொல்லிவிட்டு வருகிறாள். அப்பாவின் கார் என்று நாங்கள் சொல்லிச் சொல்லி அப்பா என்றே கூப்பிடுகிறாள் போலிருக்கிறது. நேற்று ரொட்டித் துண்டை உறைக்கு அடியில் வைத்திருந்தாள். எறும்பு வந்துவிட்டது, அத்தையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

இன்னொரு விஷயம். என் தங்கை மஸ்தூராவுக்கு மாப்பிள்ளை முடிவாகிவிட்டது. மே மாதம் கல்யாணம். அவளை இந்த வெள்ளைக் காரில்தான் அனுப்ப வேண்டும் என்று என் அம்மா ஆசைப்படுகிறாள். விடுப்பு எடுத்துக்கொண்டு வாருங்கள், நீங்களே ஓட்டுங்கள். வேறு யாரும் தொட வேண்டாம். ஒப்பந்தம் மே கடைசியோடு முடிகிறதே, அப்படியே இருந்துவிடலாம்.

சனோபர்

நாதிம், 1983 டிசம்பர் 4

சனோபர்,

எங்கள் வீட்டுச் சுவர் எப்போது இவ்வளவு குட்டையானது?

மஹ்காமுக்கு நம் முற்றத்தில் என்ன வேலை? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். துடைக்க அம்மா இல்லையா? உன் தம்பி இல்லையா? அவன் அம்மா உன்னைப் பெண் கேட்டு ஆள் அனுப்பினதை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. உன் அப்பா அவர்களுக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டார் என்று நீதானே சிரித்துக்கொண்டே சொன்னாய். இப்போது அவன் மனைவியும் போய்விட்டாள், தனி ஆள். மாதுளைக்குச் சாக்குக் கட்ட அவனுக்கு வேறு பக்கமே கிடைக்கவில்லையா?

பஸ் ஓட்டத் தெரிந்தால் கார் விவரம் தெரியுமா? அவன் ஓட்டுகிற பஸ்ஸைப் பார்த்தாலே தெரிகிறதே, கதவு ஒரு பக்கம், கைப்பிடி ஒரு பக்கம். இனி அவன் உறையைத் தொடக் கூடாது.

கல்யாணத்துக்கு வர முடியாது. விடுப்பு எடுத்தால் வருடக் கடைசிப் பணம் போய்விடும். அது மட்டுமில்லை, நான் ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். உறை எத்தனை நாளைக்குத் தாங்கும்? காருக்குச் செங்கல்லில் ஒரு அறை கட்ட வேண்டும், இரும்புக் கதவு வைத்து. அதற்காக இன்னொரு வருடம் இங்கேயே இருக்கலாம் என்று நினைக்கிறேன். மே கடைசியில் கையெழுத்து. யோசித்துச் சொல்.

இங்கே குளிர் கடுமையாக இருக்கிறது. முகாமில் சமையல் செய்கிற ஜினாயிதா கம்பளிக் காலுறை பின்னிக் கொடுத்தாள். அதனால் கால் பிழைத்தது.

லோலா காரின் அடியில் ரொட்டி வைக்காமல் பார்த்துக்கொள். எலி வந்தால் ஒயரைக் கடித்துவிடும்.

எர்காஷ்

மர்கிலான், 1984 ஜனவரி 11

லோலாவின் அப்பாவுக்கு,

யோசித்துச் சொல் என்றீர்கள். யோசிக்க என்ன இருக்கிறது? முடிவு எடுத்த பிறகு யோசனை கேட்பது உங்களுக்குப் பழக்கம்.

காருக்கு வீடு கட்ட ஒரு வருடம். நாம் இருக்கிற வீட்டுக் கூரை ஒழுகுகிறது, அது தெரியுமா? லோலாவின் கட்டில் பக்கம் கிண்ணம் வைத்திருக்கிறேன். மகராசி செங்கல் அறையில் இரும்புக் கதவு போட்டுக்கொண்டு இருக்கட்டும், நாங்கள் கிண்ணம் வைத்துப் பிழைத்துக்கொள்கிறோம்.

சரி, மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன், நெஞ்சில் வைத்துப் புழுங்கினால் எனக்கும்தான் துருப் பிடிக்கும். அந்தக் கார் மேல் எனக்குப் பொறாமை. நீங்கள் வந்து நின்ற நாட்களில் என்னோடு உட்கார்ந்து ஒரு வேளை நிதானமாகச் சாப்பிட்டீர்களா? தட்டை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுவீர்கள். கண்ணாடியைத் துடைப்பீர்கள், கதவைத் திறந்து மூடிப் பார்ப்பீர்கள். அந்தக் கதவுச் சத்தத்துக்கு உங்கள் முகத்தில் வந்த சிரிப்பை நான் என் கல்யாணத்தன்று கூடப் பார்க்கவில்லை. இரும்பைக் கண்டு வயிறு எரிகிறவளைப் பைத்தியம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

காலுறை விஷயம். ஜினாயிதா எல்லோருக்கும் பின்னினாளா, உங்களுக்கு மட்டுமா? போன பார்சலில் நான் அனுப்பிய காலுறை என்ன ஆயிற்று? அது காலில் ஏறவில்லையா, கண்ணில் ஏறவில்லையா? சுவர் குட்டையாகிவிட்டது என்று எழுதினீர்கள். அங்கே சுவரே கிடையாதே.

உறையைப் பற்றிச் சொல்லாவிட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது. போன வாரம் உறைபனி. துணி காரோடு ஒட்டிக்கொண்டது. அத்தை கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார், வெந்நீர் ஊற்ற. "அத்தை, கண்ணாடி வெடிச்சிரும், வெயில் வரட்டும்" என்று தடுத்தேன். நண்பகலில் தானாக இளகியது, பிய்க்காமல் எடுத்தேன். இதை யாரும் சொல்லித் தரவில்லை, எந்தச் சுவருக்கு மேலிருந்தும் இல்லை.

மஸ்தூரா கல்யாணத்துக்குக் கார் உண்டா இல்லையா? என் அம்மாவுக்கு நான் ஏதாவது பதில் சொல்ல வேண்டும்.

சனோபர்

நாதிம், 1984 பிப்ரவரி 6

சனோபர்,

ஜினாயிதா என் அம்மா வயதுக்காரி. முகாமில் எல்லோருக்கும்தான் பின்னினாள். நீ அனுப்பியதை ஊருக்கு வரும்போது போடலாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன். நம்பினால் நம்பு.

வெந்நீர் விஷயத்தில் நீ செய்தது சரி.

கார் கல்யாணத்துக்குப் போகாது. யார் ஓட்டுவார்கள்? நம் தெருவில் ஓட்டத் தெரிந்தவன் ஒருத்தன்தான் இருக்கிறான், அவன் பெயரைச் சொன்னாலே எனக்குச் சோறு இறங்காது. உன் அம்மாவிடம் கார் ரிப்பேர் என்று சொல்லிவிடு.

என்னோடு வேலை செய்கிற தோக்தசின் விடுப்பில் வருகிறான். அவனிடம் உப்பு மீன் கொடுத்தனுப்புகிறேன். அவன் வந்தால் காரை ஒருமுறை திறந்து காட்டு. எப்படி இருக்கிறது என்று பார்த்து வந்து சொல்வான்.

கூரை ஒழுகுவதை ஏன் முன்னமே எழுதவில்லை?

எர்காஷ்

மர்கிலான், 1984 மார்ச் 23

லோலாவின் அப்பாவுக்கு,

மீன் வந்தது. அதோடு உங்கள் ஒற்றனும் வந்தார். டீ குடித்தார், காரை இரண்டு முறை சுற்றி வந்தார், உறையைத் தடவிப் பார்த்தார், மீசைக்குள் சிரித்தார். மணப்பெண்ணைப் பார்க்க வந்த மாமியார் கூட இப்படிப் பல்லைப் பிடித்துப் பார்க்க மாட்டாள்.

கார் நன்றாக இருக்கிறது. உறையும் இருக்கிறது. நடந்தது ஒன்று உண்டு. உங்கள் அம்மா சொல்ல வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார், அதனால் சொல்லவில்லை. யாருக்கும் காயமில்லை.

நவ்ரோஸ் புத்தாண்டுக்குத் தெருப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து சுமலாக் கிண்டினோம். முளைக்கோதுமைக் கூழ் அடிப்பிடிக்காமல் இருக்கப் போடும் கூழாங்கல் என் கிண்ணத்தில் வந்தது. வேண்டுதல் பலிக்கும் என்றார்கள். வேண்டிக்கொண்டேன். அதில் கார் இல்லை.

சனோபர்

நாதிம், 1984 ஏப்ரல் 15

சனோபர்,

தோக்தசின் திரும்பி வந்துவிட்டான். சாப்பாட்டு அறையில், அத்தனை பேர் நடுவில் வைத்துச் சொன்னான்: "எர்காஷ், உன் காருக்குப் புது முக்காடு அமைஞ்சிருக்குடா. முன் பக்கம் இத்தனாம் பெரிய ஒட்டு. பஸ் சீட்டுத் துணி, டிப்போ முத்திரை கூட அப்படியே இருக்கு. ஊசி போட்டது யாருன்னு கேட்டேன். உன் வீட்டுக்காரி வாயத் தொறக்கல. பக்கத்து வீட்டு ஏணி மட்டும் இன்னும் சுவர்ல சாஞ்சுதான் நிக்குது." ஒருத்தன் பாக்கியில்லாமல் சிரித்தார்கள். நான் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நான் அனுப்பிய பணத்தில் வாங்கிய காருக்கு அவன் துணியில் ஒட்டா? என் உறையில் அவன் கை ஊசி ஏறியதா? உறை எப்படிக் கிழிந்தது? எதற்காகத் திறந்தீர்கள்? யார் உள்ளே உட்கார்ந்தது? சொல்லாமல் விட்டது இதைத்தானா? ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, எனக்குத் தெரியும். ஆனால் மூடி இருந்தாலும் நீ இங்கே போட்டிருக்க மாட்டாய் போலிருக்கிறது.

கல்யாணத்துக்குக் கார் கிடையாது. இது கடைசி வார்த்தை. கையெழுத்து இந்த மாத இறுதியிலா, அடுத்த மாதமா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். மே கடைசி நாளில் போடுகிறேன் என்றேன். ஒரு வருடம் என்ன, இரண்டு வருடம் கூடப் போடுவேன். வந்து என்ன ஆகப் போகிறது?

எர்காஷ்

மர்கிலான், 1984 மே 14

லோலாவின் அப்பாவுக்கு,

இப்போது எல்லாவற்றையும் சொல்கிறேன். அத்தையும் "எழுதித் தொலை" என்று சொல்லிவிட்டார்.

பிப்ரவரியில் ஒரு நாள் காரைக் காற்றாடத் திறந்து வைத்திருந்தோம். வாசலோடு போன அல்தினாய் மாமி நின்று பார்த்து, "அடேயப்பா, பால்ல குளிச்ச மாதிரி இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனாள். மாஷா அல்லா என்று ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. உங்கள் அம்மாவுக்கு அது போதுமே. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று இஸிரிக் தழையைத் தணல் சட்டியில் போட்டுப் புகைத்துக்கொண்டு காரைச் சுற்றினார். நான் ஆலைக்குப் போன பிறகு, மேலாகப் புகை காட்டினால் கண்ணேறு போகாது, உள்ளே தங்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. உறையைப் போட்டு, சட்டியை உள்ளே வைத்து, துணியை இறக்கிவிட்டுத் தொழப் போய்விட்டார். தணல் பட்டுத் துணி எரிந்தது. புகை கிளம்பியதைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்து, ஏணியில் ஏறிக் குதித்து, சட்டியைக் காலால் எத்திவிட்டு அணைத்தவர் மஹ்காம் அண்ணன். அவர் இல்லையென்றால் உங்களுக்கு இன்று காரும் இல்லை, ஒருவேளை அம்மாவும் இல்லை. முன்பக்கம் கை அகலத்துக்குப் பெயிண்ட் கொப்புளித்துவிட்டது. அவர் உள்ளங்கையும் கொப்புளித்தது. ஒட்டுத் துணி அவர் கொடுத்தது. ஊசி போட்டது நான். "எம் புள்ளை கேட்டா உசிர விட்டுருவான், சொல்லாத" என்று அத்தை அழுதார். அதனால்தான் சொல்லவில்லை. இவ்வளவுதான் உங்கள் ஒட்டின் கதை. போய்ச் சாப்பாட்டு அறையில் சொல்லுங்கள், சிரிக்கட்டும்.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் சோறு சமைக்கவில்லை. என்னைச் சந்தேகப்பட்டதற்கு அழுதேன் என்று நினைக்காதீர்கள். உறை கிழிந்ததா என்று கேட்டீர்கள், யாராவது சுட்டுக்கொண்டார்களா என்று கேட்கவில்லையே, அதற்குத்தான் அழுதேன்.

பிறகு கல்யாணம். ஆமாம், கார் போயிற்று. உங்கள் அம்மாதான் சாவியை எடுத்துக் கொடுத்தார். "அவன் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன், பெத்தவ நான்" என்று புதுத் தலைத்துணி கட்டிக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஓட்டியவர் மஹ்காம் அண்ணன், உள்ளங்கையில் தழும்போடு. "எர்காஷ் தம்பி கோவிச்சுக்குவாரே" என்று கடைசி வரை தயங்கினார். அத்தை விடவில்லை. மஸ்தூரா சிவப்பு நாடா கட்டிய காரில் போனாள். தெருவே வாசலில் நின்று பார்த்தது. ஒரு மணி நேரம் எனக்கும் அந்தக் கார் மேல் கோபம் வரவில்லை. இதுவரை எழுதியதற்கு நீங்கள் எப்படி வேண்டுமானாலும் திட்டுங்கள்.

இனி எழுதப் போவதற்குத் திட்ட முடியாது.

கல்யாணத்தன்று காலை நானும் அத்தையும் இரண்டு பக்கம் பிடித்து உறையைத் தூக்கினோம். லோலா புதுச் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றாள். உறை எழும்பியதும் கை தட்டினாள். பிறகு சன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். கதவைத் திறக்கச் சொன்னாள். முன் சீட்டைப் பார்த்தாள், பின் சீட்டைப் பார்த்தாள், சீட்டுக்கடியில் கை விட்டுத் துழாவினாள். சக்கரத்துக்கிடையில் படுத்துப் பார்த்தாள். பின்னால் போய்ச் சாமான் பெட்டியைத் தட்டி, "இதையும் திற" என்றாள். திறந்தோம். காலியாக இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பா எங்க?" என்றாள்.

"அப்பா வடக்க வேலைக்குப் போயிருக்காரும்மா" என்றேன்.

"இல்ல. அப்பா இதுக்குள்ளதான் போனாரு. நான் பாத்தேன்."

நீங்கள் கிளம்பிய அன்று விடியலில் கயிறு கட்ட உறைக்குள் புகுந்தீர்களே, அப்போது அவள் முழித்துச் சன்னலில் நின்று பார்த்திருக்கிறாள். உள்ளே போனதைப் பார்த்தாள். குளிருகிறது என்று நான் தூக்கிக் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டேன். வெளியே வந்ததை அவள் பார்க்கவில்லை. குளிர்காலம் முழுக்க உள்ளே நீங்கள் தூங்குகிறீர்கள் என்று நினைத்திருக்கிறாள். ரொட்டி வைத்தது உங்களுக்கு. "வாரத்துக்கு ஒரு நாள் தொறக்குறீங்களே, அப்ப பாக்கலியா?" என்று அத்தை கேட்டதற்கு, "அப்பல்லாம் என்னை மாமா வீட்டுக்கு அனுப்பிச்சிட்டீங்க" என்றாள். உண்மைதான். குழந்தை கை பட்டால் கீறல் விழும் என்று நீங்கள் பயப்படுவீர்களே என்று, திறக்கும் நாளில் அவளை என் தம்பி வீட்டில் விட்டுவிடுவேன். தோக்தசின் வந்த அன்றும் அப்படித்தான்.

கல்யாணத்துக்கு அவள் காரில் ஏறவில்லை. நான் அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தே போனேன்.

இப்போது உறையைப் போடுவதில்லை. மல்பெரி பழுத்து உதிர்கிறது, வெள்ளைக் காரெல்லாம் கருநீலம். போடலாம் என்று எடுத்தால் லோலா ஓடி வந்து தூக்கிப் பார்க்கிறாள், பிறகு என் முகத்தைப் பார்க்கிறாள். என்னால் தாங்க முடியவில்லை.

கையெழுத்துப் போடுவதானால் போடுங்கள். ஒரு வருடமோ இரண்டு வருடமோ உங்கள் இஷ்டம். குழந்தைக்கு என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் எழுதி அனுப்புங்கள். உறை விஷயமெல்லாம் விவரமாக எழுதத் தெரிந்தவர்தானே நீங்கள்.

சனோபர்

நாதிம், 1984 மே 27

சனோபர்,

கடிதத்தை வேலை இடத்தில் வைத்துப் படித்தேன். வெல்டிங் முகமூடியை இறக்கிவிட்டுக்கொண்டேன். வேலை நடக்கவில்லை.

மஹ்காம் அண்ணனுக்கு என் சலாம் சொல். கை எப்படி இருக்கிறது என்று கேள். ஏணி அங்கேயே இருக்கட்டும். அம்மாவைத் திட்ட மாட்டேன் என்று சொல், தணல் சட்டியை மட்டும் இனி வாசலோடு நிறுத்தச் சொல்.

பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இடம் மாறியிருக்கிறது. "தூங்கு அப்பா" என்று தினமும் அவள் சொன்னதையும், வைத்த ரொட்டியையும், தட்டிக் கொடுத்ததையும் அந்தத் தகரம் வாங்கிக்கொண்டு சும்மா நின்றிருக்கிறது. எனக்கு வர வேண்டியது. நீ சக்களத்தி என்றபோது சிரித்தேன். இப்போது அது என் பங்காளி.

கையெழுத்துப் போடவில்லை. கணக்கு முடிக்கச் சொல்லிவிட்டேன். தோக்தசின் பைத்தியமா என்று கேட்டான், ஆமாம் என்றேன். செங்கல் அறை வேண்டாம், முதலில் கூரையைப் பார்ப்போம். ஜூன் பதினைந்தாம் தேதி விடியற்காலை ரயிலில் ஊர் வந்து சேர்வேன். நீ அனுப்பிய காலுறையைப் போட்டுக்கொண்டு வருகிறேன், வெயிலில் கால் வெந்தாலும் சரி.

உறை விஷயம் கடைசியாக ஒன்று எழுதுகிறேன். இதையும் இரண்டுமுறை படி.

பதினான்காம் தேதி ராத்திரி, அவள் தூங்கிய பிறகு உறையைப் போடு. கழுவ வேண்டாம். பழச்சாறு இருந்தால் இருக்கட்டும், தூசியும் இருக்கட்டும். காய்ந்திருக்கிறதா என்று பார்க்காதே. வயிற்றுக் கயிற்றைக் கட்டாதே, சின்னக் கைக்குத் தூக்க வர வேண்டும். கார்க் கதவையும் பூட்டாதே. தோட்டத்துக் கதவைத் திறந்து வை, நான் அந்தப் பக்கமாக வந்துவிடுவேன்.

காலையில் அவள் எழுந்ததும் முற்றத்துக்கு அனுப்பு. எதுவும் சொல்லாதே. அவளே தூக்கிப் பார்க்கட்டும்.

எர்காஷ்